வாழைப்பழம் ஏன் இவ்வளவு மலிவு?

சிங்கப்பூரில் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் வாழைப்பழம் இருக்கும். மாம்பழத்துக்குப் பருவம் உண்டு, டுரியானுக்கு உண்டு, சீனப் புத்தாண்டு நெருங்கினால் ஆரஞ்சு விலை எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். இது மட்டும் ஜனவரியிலும் ஜூலையிலும் அதே நீளம், அதே மஞ்சள், அதே ஒட்டுவில்லை, இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு பை. வெட்டி, கழுவி, பெட்டியில் அடுக்கி, குளிரூட்டிய கொள்கலனில் கடல் தாண்டி வந்து, பழுக்க வைக்கும் அறையில் சில நாள் கிடந்து, அப்புறம் லாரி ஏறி அங்காடித் தட்டுக்கு வரும் பொருள், ஒரு தட்டு கோழிச்சோற்றின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நடுவில் யாரோ எதையோ விட்டுக்கொடுக்காமல் இது நடக்காது.

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தாலே இங்கே பலரும் முதலில் கேட்பது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்றுதான். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் ஊர், அந்தக் கவலை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் வாழைப்பழ விஷயத்தில் தூரம் பெரிய பிரச்சினையே இல்லை. வாழை விமானம் ஏறுவதில்லை. பச்சைக் காயாக வெட்டிச் சுமார் 13 டிகிரி குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், கப்பலே போதும். சூடேற்றிய கண்ணாடிக் கூடாரம் தேவையில்லை, வெயில் போதும். தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வரை போகும் பழத்துக்கே ஒன்றுக்கு 80, 100 கிராம் கரியமில வாயு என்ற அளவில்தான் கணக்குச் சொல்கிறார்கள். நமக்கோ பெரும்பாலும் பிலிப்பீன்சிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது, அதுவும் மலேசியப் பழம் லாரியில் ஜோகூர் வழியாக. கப்பலைத் திட்டிப் பயனில்லை. தோட்டத்தில் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேரங்காடியில் இருக்கும் அந்த நீளப் பழத்துக்குப் பெயர் கேவண்டிஷ். 1830-களில் இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவண்டிஷின் கண்ணாடி வீட்டில், அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த ரகம் என்பதால் கோமகனின் பெயர் ஒட்டிக்கொண்டது. தேனிப் பக்கம் ஜி9 என்று போடுகிறார்களே, அந்த கிராண்ட் நைனும் இதே கூட்டம்தான், ரோபஸ்டாவும் அப்படியே. உலகத்தில் விளையும் வாழையில் ஏறத்தாழ பாதி கேவண்டிஷ். நாடு விட்டு நாடு போகும் பழத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அதுதான். விதை கிடையாது, பக்கக் கன்றிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோதான் அடுத்த மரம் வரவேண்டும். ஆக, பிலிப்பீன்சின் மிண்டனாவோ தீவில் நிற்கும் மரமும் ஈக்வடாரில் நிற்கும் மரமும் மரபணுவில் கிட்டத்தட்ட ஒரே மரம், ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, ஒருமுறை நடந்தே விட்டது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கப்பல் ஏறிய பழம் குரோ மிஷேல். தோல் தடிப்பானது, முழுத் தாராகவே ஏற்றிவிடலாம், மணமும் அதிகம். மண்ணில் வாழும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய், மத்திய அமெரிக்கத் தோட்டங்களை ஒவ்வொன்றாக முடித்தது. கம்பெனிகள் பழைய நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகக் காட்டை அழித்து நகர்ந்துகொண்டே இருந்தன. நகர இடம் இல்லாமல் போனதும்தான் 1950, 60-களில் வேறு வழியின்றி கேவண்டிஷுக்கு மாறின. குரோ மிஷேல் உலகத்திலிருந்தே அழிந்துபோனதாக ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். மலேசியாவில் பிசாங் எம்புன் என்று விற்கிறார்களே அது அதே ரகம், தாய்லாந்தில் ஹோம் தோங். தோட்டத்து மூலையில் நாலு மரமாக நின்றதால் அங்கே பிழைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் ரஸ்தாளி போட்டவர்களுக்கு வாடல் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதலில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும், பிறகு இலைகள் காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினாற்போல் தொங்கும், தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகக் கறை. மருந்து கிடையாது. பூஞ்சை பல பத்தாண்டுகள் அந்த மண்ணிலேயே கிடக்கும். அன்றைக்குக் கேவண்டிஷைத் தொடாமல் விட்ட அந்த நோயின் இன்னொரு வடிவம், டிஆர்4, இப்போது கேவண்டிஷையே அடிக்கிறது. தைவானில் தலைகாட்டி, 1990-களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏற்றுமதிக்கென்று புதிதாகப் போட்ட தோட்டங்களைக் காலி செய்தது. 1997-ல் ஆஸ்திரேலியா, 2013-ல் மொசாம்பிக், 2019-ல் கொலம்பியா, 2021-ல் பெரு, 2023-ல் வெனிசுவேலா. இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. பரவுவதற்குப் பெரிதாக எதுவும் வேண்டாம், பூட்ஸில் ஒட்டிய மண், வண்டிச் சக்கரம், மழை வெள்ளம் போதும். தோட்டத்து வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்துக் கால் நனைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

வேரில் ஒரு பூஞ்சை என்றால் இலையில் இன்னொன்று, கறுப்பு சிகடோகா. ஊரையும் சூழலையும் அதிகம் கெடுப்பது என் கணக்கில் இதுதான், ஏனென்றால் இதற்கு மருந்து இருக்கிறது. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் வருஷத்துக்கு 40 தடவைக்கும் மேல் பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள், சிறு விமானத்திலிருந்து. மிண்டனாவோவிலும் விமானம்தான். தோட்டத்தை ஒட்டியே குடியிருப்பு, பள்ளிக்கூடம், கிணறு. காற்றுக்குத் தோட்டத்து வேலி எது என்று தெரியுமா?

2007-ல் மிண்டனாவோவின் டாவாவ் நகர மன்றம் வான்வழித் தெளிப்பைத் தடை செய்து சட்டம் போட்டது. அப்போது மேயர், பின்னாளில் அதிபரான ரொட்ரிகோ டுட்டர்டே. வாழை வளர்ப்பாளர், ஏற்றுமதியாளர் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு இழுத்து இழுத்து, 2016 ஆகஸ்டில் அந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று, விமானத்தை விட்டு வேறு முறைக்கு மாற மூன்று மாத அவகாசம் போதாது என்பது. சரி, மூன்று மாதம் போதாதுதான், நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் பாதை போட்டு வண்டி வாங்க வேண்டும். ஆனால் சட்டம் போட்டதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் நடுவே ஒன்பது வருஷம் ஓடியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வான்வழித் தெளிப்பை 2009-லேயே பொதுவாகத் தடை செய்துவிட்டது, அங்கே போகும் பழத்தின் தோட்டத்துக்கு மேல் விமானம் பறப்பதை அந்தத் தடை தொடவில்லை.

அப்புறம் அந்த நீலப் பை. வாழைத் தோட்டப் படங்களில் ஒவ்வொரு தார் மேலும் நீல பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி வராமல், இலை உரசித் தோலில் கீறல் விழாமல் காக்கத்தான் அது. சில நாடுகளில் அந்தப் பையிலேயே குளோர்பைரிஃபாஸ் பூச்சிக்கொல்லியைத் தோய்த்து வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் பைகளில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு. கீறல் விழுந்த பழத்தின் ருசியில் ஒரு குறையும் கிடையாது. தோல் அழகாக இருந்தால்தான் பெட்டியில் ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக இவ்வளவும்.

பழைய விஷக் கணக்குகள் இன்னும் மோசம். டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைக் கையாண்ட கலிபோர்னியா தொழிற்சாலை ஊழியர்கள் மலடானது 1977-ல் தெரியவந்தது, 1979-ல் அமெரிக்கா ஏறக்குறைய எல்லாப் பயன்பாட்டையும் நிறுத்தியது. நிகராகுவா, கோஸ்டா ரிகா, பிலிப்பீன்ஸ் என்று வாழைத் தோட்டங்களில் அதே மருந்தைத் தொட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளை பெற முடியாமல் போய், பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தினார்கள். பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளான மார்டினிக், குவாடலூப் கதை இதற்கும் மேலே. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு குளோர்டெகோன் என்ற மருந்தை 1972 முதல் 1993 வரை அங்கே போட்டார்கள். 1975-லேயே அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலை, ஊழியர்களுக்கு நடுக்கமும் நரம்புக் கோளாறும் வந்து மூடப்பட்டிருந்தது. பிரான்ஸ் 1990-ல் தடை செய்தது, தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்குக் கொடுத்தது. இன்றைக்கு அந்த இரு தீவுகளிலும் வயது வந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்களின் இரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறது, சில கடலோரங்களில் மீன் பிடிக்கக்கூடாது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் இது சுகாதார அவலம்தான் என்று ஒத்துக்கொண்டே, யாரையும் தண்டிக்க வழியில்லை என்று வழக்கை முடித்துவைத்தார்கள்.

துப்பாக்கிக் கதைகள் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகா நகரில், அமெரிக்க வாழைக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட்டின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டது. 1954-ல், அதே கம்பெனியின் தரிசு நிலத்தையும் சேர்த்து ஏழைகளுக்குப் பிரித்துக்கொடுத்த குவாதமாலா அதிபர் ஹக்கோபோ ஆர்பென்ஸை, அமெரிக்க உளவுத்துறையின் உதவியோடு கவிழ்த்தார்கள். அந்தக் கம்பெனியின் வாரிசான சிக்கிட்டா, கொலம்பியாவின் வலதுசாரி ஆயுதக் குழுவுக்கு 17 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்ததை 2007-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தக் குழு கொன்றவர்களில் எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு 3 கோடியே 83 லட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்று 2024 ஜூனில் ஃபுளோரிடா ஜூரி தீர்ப்புச் சொன்னது.

இதெல்லாம் எங்கோ அமெரிக்கக் கண்டத்தில் நடந்தது, நம் பழம் மிண்டனாவோவிலிருந்துதானே வருகிறது என்று தோன்றலாம். மிண்டனாவோவில் துப்பாக்கியை விடக் காகிதம்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது. 1963-ல் ஜப்பான் வாழைப்பழ இறக்குமதியைத் தாராளமாக்கிய பிறகு, அந்தச் சந்தைக்காகவே 60-களின் கடைசியில் டாவாவைச் சுற்றிப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. ஒரு பெரிய தோட்டம் 1969-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டுச் சிறைச்சாலை நிலத்திலேயே அமைந்தது, கைதிகளும் அதில் வேலை செய்தார்கள். 1988-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது வணிகத் தோட்டங்களுக்குப் பத்து வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தொழிலாளர்களுக்கு நிலம் வந்தது, கூடவே ஒப்பந்தமும் வந்தது. விளையும் காயை அதே கம்பெனிக்குத்தான் விற்கவேண்டும், பெட்டிக்கு இன்ன விலை என்று வருஷக்கணக்கில் கட்டிப்போட்ட விலை, உரம், மருந்து, பை எல்லாவற்றின் செலவும் கழிக்கப்படும், தரத்தில் தேறாத பெட்டிக்குக் காசு கிடையாது. பட்டா கையில், கடன் தலையில். இந்த நிலத்தில் டிஆர்4 வந்துவிட்டால் மரம் போகும், கடன் போகாது. நோயைக் கொஞ்சம் தாங்கும் தைவான் ரகங்களை நட்டுச் சமாளிக்கிறார்கள், ஆனால் அவை தார் விட அதிக நாள் எடுக்கும், அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது.

பெட்டி கட்டும் கொட்டகைகளில் இன்னொரு தந்திரம். தொழிலாளர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று சொல்லிவிடுவது. சிங்கப்பூரில் கட்டுமானத்திலோ துப்புரவிலோ வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாழை ஏற்றுமதி செய்யும் சுமிஃப்ரு நிறுவனத்தின் ஒரு கொட்டகைத் தொழிலாளர்களுக்கு அந்த நிறுவனமே முதலாளி என்று பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் முடிவு செய்தது. அதை வைத்துப் பேச்சுவார்த்தைக்கு வா என்று கேட்டு 2018 அக்டோபரில் மிண்டனாவோவின் கம்போஸ்தெலாவில் வேலைநிறுத்தம் நடந்தது. மிண்டனாவோ முழுக்க ராணுவச் சட்டம் அமலில் இருந்த நேரம் அது. தொழிலாளர்கள் மணிலா வரைக்கும் போய் முகாம் போட்டுப் போராடினார்கள். இவ்வளவுக்கும் மிண்டனாவோ மக்கள் தங்கள் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவது கேவண்டிஷ் இல்லை. லக்கதான், லத்துண்டான், சபா என்று அவர்களுக்கு வேறு பழங்கள் இருக்கின்றன. லத்துண்டான் என்பது நம் ரஸ்தாளி வகை.

விஞ்ஞானம் ஏதாவது செய்யுமா? 2024-ல் ஆஸ்திரேலியா டிஆர்4-ஐத் தாங்கும் மரபணு மாற்றக் கேவண்டிஷுக்கு அனுமதி கொடுத்தது, குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதில் வைத்த மரபணு நம் பக்கத்துக் காடுகளில் வளரும், விதை நிறைந்த காட்டு வாழையிலிருந்து எடுத்தது. மரபணு மாற்றம் என்றதும் முகம் சுளிப்பவன் இல்லை நான். ஆனால் அது வேர் நோய்க்கு மட்டும்தான் பதில், இலைக்கு அடிக்கும் மருந்து அப்படியேதான் தொடரும், உலகம் முழுக்க ஒரே ரகம் என்ற நிலையும் மாறாது.

இங்கே சிங்கப்பூரில், லண்டன்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. தேக்கா சந்தைக்குப் போனால் கயிற்றில் சீப்புச் சீப்பாகத் தொங்கும்: பிசாங் மாஸ், பெராங்கான், ராஜா, சில நாள் செவ்வாழை. கோரெங் பிசாங் (வாழைப்பழப் பஜ்ஜி) போடுபவர்கள் கேவண்டிஷைத் தொடவே மாட்டார்கள், எண்ணெயில் போட்டால் கூழாகிவிடும். அர்ச்சனைத் தட்டில் வைக்கவும் நம் ஆட்கள் சின்னப் பழமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இவையெல்லாம் மருந்தே படாமல் விளைகின்றன என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் பெராங்கான் தோட்டங்களையும் வாடல் நோய் அடித்திருக்கிறது, அங்கேயும் தெளிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பல ரகம் விற்கும் சந்தை இருந்தால்தான் பல ரகம் நடும் விவசாயி இருப்பான். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் காப்பிச் செடிகளோடு, நிழலில், பெரிய மருந்துச் செலவில்லாமல் விளைந்த மலைவாழை, 1970-களில் முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தபின் பழைய பரப்புக்குத் திரும்பவே இல்லை. 2008-ல் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தம் என்று ஒன்று இல்லாவிட்டால் அதற்கு இப்போது இருக்கும் சந்தைகூட இருந்திருக்காது.

நம் ஊர்ப் பக்கத்தில் மிச்சமிருப்பது குப்பைக் கணக்கு. 2023-ல் சிங்கப்பூரில் சுமார் 7,55,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது, அதில் மறுபயனுக்குப் போனது 18 விழுக்காடு. மீதி எரி உலைக்கு, சாம்பல் செமாக்காவ் தீவுக்கு, அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். வாழைத்தோலில் பெரும்பங்கு தண்ணீர், அதைப் போய் எரிக்கிறோம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு, அடியிலிருந்து பச்சை மாறாத சீப்பை உருவுகிறோமே, அந்தப் புள்ளி விழுந்த பிறகுதான் மாஸ் பழத்துக்கும் பெராங்கானுக்கும் ருசியே வரும். சீப்பிலிருந்து பிரிந்துபோன ஒற்றைப் பழத்தையும் யாரும் எடுப்பதில்லை.

கடைசியாக விலை. கடையில் நாம் கொடுக்கும் காசில் தோட்டத் தொழிலாளிக்குப் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றுதான் இந்தத் துறையைக் கவனிப்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் இரண்டரை வெள்ளிப் பையில் அது 25 காசுக்கும் கீழே. அவர்கள் கூலியை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் பை விலை இரண்டே முக்கால் வெள்ளியைத் தாண்டாது. 2023 ஜூலை 3 முதல் பேரங்காடியில் பிளாஸ்டிக் பைக்கு ஐந்து காசு கேட்டபோது முணுமுணுத்தோம், இப்போது பழகிவிட்டது. அதே மாதிரி இதையும் கொடுத்துவிடலாம்தான், சிக்கல் என்னவென்றால் நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு கம்போஸ்தெலா வரைக்கும் தானாக நடந்து போகாது. பெட்டி விலையை முடிவு செய்வது வாங்கும் நிறுவனம், அதன் பெரிய வாடிக்கையாளர்கள் சீனாவும் ஜப்பானும். சிங்கப்பூர் வாங்குவது அதற்குப் பக்கத்தில் கொசுறு. ஆனால் இங்கே பழம் விற்கும் பெரிய பேரங்காடிச் சங்கிலிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்தத் தோட்டம், தெளிப்பு விமானத்திலா தரையிலிருந்தா, கொட்டகை ஆட்கள் யாருடைய ஊழியர்கள் என்ற மூன்று கேள்விகளை அவர்களுடைய கொள்முதல் பிரிவு எழுத்தில் கேட்டால், அந்தப் பதில்களை ஒட்டுவில்லையில் அச்சடிக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.